முள்ளெலும்பில் வளரும் நீர்க்கட்டி: அறுவைச் சிகிச்சை கடந்து வந்த பாதை

ஆய்வுச் சுருக்கம்

நாய்களின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவால் மனிதரின் முள்ளெலும்பில் நீர்க்கட்டி உண்டாவது அரிது. உண்டானால் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. இதற்கான அறுவைச் சிகிச்சை வளர்ந்த விதத்தையும், வளர்ந்த பின்னும் கட்டி மீண்டும் முளைக்கும் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. புழுவின் வழி

எகினோகாக்கஸ் கிரானுலோசஸ் எனும் இப்புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. நாயின் மலத்தோடு வெளியேறும் இதன் முட்டைகள், மேய்ச்சலில் ஆட்டின் வயிற்றுக்குள் போய் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகின்றன. ஆட்டை அறுத்து, கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிந்தால் சுழற்சி நிறைவுறும். அம்முட்டைகளை விழுங்கும் மனிதர் இடையில் அகப்படுகிறார். மனிதருக்கு வரும் கட்டிகளில் எலும்பை எட்டுவது நூற்றில் ஒன்றிரண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி முதுகெலும்பில்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்துப் பூலாம்பாடி போல, ஆடும் நாயும் மனிதரும் ஒரே வாசலில் புழங்கும் ஊர்களுக்கு இச்சுழற்சி தெரிந்திருக்க வேண்டும்.

2. கத்தி கற்ற பாடம்

முள்ளெலும்பு நீர்க்கட்டியை 1807இல் பிரெஞ்சு மருத்துவர் ஷோசியே விவரித்தார். 1819இல் ரெய்டெல்லே எனும் மருத்துவர் அதற்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியை அகற்றி நோயாளியை நடக்கவைக்க முடியும் என்று, நீர்க்கட்டி அல்லாத வேறொரு கட்டியை எடுத்து, 1887இல் லண்டனில் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி நிறுவினார்.

தமிழகத்தில் 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினர். தண்டுவடத்தில் கத்தி வைக்கும் துணிவும் பயிற்சியும் அத்துறைகளிலிருந்து தமிழகத்தில் பரவின.

ஆனால் முள்ளெலும்பு நீர்க்கட்டி வேறு சவால். மூளையில் வளரும் நீர்க்கட்டியை, அதன் பின்னே உப்புநீரைப் பாய்ச்சி உடையாமல் முழுதாக மிதக்கவிட்டு எடுக்கலாம். முள்ளெலும்பில் அது இயலாது. மற்ற உறுப்புகளில் கட்டியைச் சுற்றி உடல் கட்டும் நார்ச்சுவர் எலும்பில் உருவாவதில்லை. கட்டி சிறுசிறு குமிழ்களாக எலும்பின் துளைகளுக்குள் ஊடுருவும். உடைந்தால் உள்ளிருக்கும் நீர் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கலாம். சிந்தும் புழுத்தலைகள் புதிய கட்டிகளாகும்.

3. விளைவு ஏன் வேறுபடுகிறது

பிரெய்த்வெய்ட், லீஸ் எனும் மருத்துவர் இருவரும் 1981இல் இந்நோயை ஐந்து வகைகளாகப் பிரித்தனர்: தண்டுவடத்தினுள், தண்டுவட உறைக்குள், உறைக்கு வெளியே, முள்ளெலும்பில், முள்ளெலும்பை ஒட்டிய தசைப்பகுதியில். உறைக்கு வெளியே எலும்பைத் தொடாமல் நிற்கும் கட்டியை முழுமையாக எடுக்க முடிவதால் பலன் நன்று. எலும்பை அரித்துவிட்டால் மறுமுளைப்பு மிகுதி. ஒருவரே பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாக நேரும்.

எனவே பின்புற எலும்புத் தகட்டை மட்டும் நீக்கி அழுத்தத்தைக் குறைத்த பழைய முறை போதவில்லை. நோயுற்ற முள்ளெலும்பையே அகற்றி, உலோகத் தண்டுகளும் திருகுகளும் வைத்து நிலைநிறுத்தும் முறை வந்தது.

1980களில் இரு துணைகள் சேர்ந்தன. எம்.ஆர்.ஐ. படம், முதுகெலும்புக் காசநோய் என்று தவறாகக் கருத இடமுள்ள இந்நோயைப் பிரித்தறிய உதவியது. அல்பெண்டசோல் மாத்திரை, கத்தி எட்டாத குமிழ்களைத் தாக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க ஒரே வேளை தரும் அதே மருந்து இங்கே மாதக்கணக்கில், ஈரல் பரிசோதனையோடு தரப்படுகிறது.

4. முடிவுரை

இரு நூற்றாண்டு வளர்ச்சி உயிரைக் காத்தது, பலரை நடக்கவைத்தது. எலும்புக்குள் சிதறிய குமிழ்களை முற்றாக அகற்றும் வல்லமையை இன்னும் தரவில்லை. ஆகவே, கால் மரத்துப்போதல், நடை தளர்தல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை முதுகுவலியோடு தோன்றினால் நாள் கடத்தாமல் படம் எடுப்பதே முதல் படி. அதற்கும் முந்தியது ஆடு அறுக்கும் இடத்தில் இருக்கிறது. கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும், நாய்க்குப் புழுமருந்து கொடுப்பதும், கைகழுவி உண்பதும் எந்த அறுவை அரங்கும் தர இயலாத பலனைத் தரும்.