97,000 பல்புகளும் அப்பாவின் ஒரு போட்டோவும்

இது மைசூரில் இருந்து வரும் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க.

2006-ல் புரொபேஷனரி ஆபீசராக இந்த ஊருக்கு முதல்முறை வந்தேன். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸ் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். 2007 தசராவுக்கு அப்பாவும் அம்மாவும் அதே வண்டியில் வந்தார்கள். முதல் வருஷச் சம்பள மிச்சத்தில் வாங்கிய 5 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமரா என் கழுத்தில். மூணு பேரும் அரண்மனை வாசலில் நின்றோம்.

அந்த விளக்குகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. பழைய மர அரண்மனை 1897-ல் இளவரசி ஜெயலட்சுமம்மணி கல்யாணத்தின்போது எரிந்துபோனது. இப்போது நாம் பார்ப்பது ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-ல் முடிந்தது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் இவர் கை உண்டு. இன்னொரு தடவை எரியக் கூடாது என்று கல், எஃகு, கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்கள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். செலவு சுமார் 41 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்.

கரண்ட் கதை அதைவிட சுவாரசியம். சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் மின்நிலையம் அமைத்து, 1902-ல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, முதலில் கொண்டுபோனது கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பங்கு நம்ம தமிழ் ஆட்கள். 1905-ல் பெங்களூருக்கு விளக்கு வந்தது. ராஜாவின் ஊரான மைசூருக்கு 1908-ல்தான். ஆக, ராஜாவுக்கு முன்னாடி சுரங்கத்துக்கு! வியாபாரக் கணக்குத் தெரிந்தவர்கள் போல. இன்றைக்கு ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் தசராவிலும் ஏறக்குறைய 97,000 பல்புகள் ஒரே நொடியில் எரிகின்றன.

சரி, படத்துக்கு வருவோம். ராத்திரிப் படம் ஏன் கஷ்டம் என்பதை ஒரு பி.காம். பாஷையில் சொல்றேன். வெளிச்சம்தான் பணம். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது ஆர்.டி. மாதிரி. பொறுமையாகச் சேர்க்கலாம், ஆனால் நடுவில் யாரும் அசையக் கூடாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது ஓவர்டிராஃப்ட். இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும், வட்டியாகப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறை விழும். ஃபிளாஷ் என்பது கைமாத்து. பக்கத்து ஆளுக்கு உதவும், தூரத்து அரண்மனைக்கு எட்டாது.

இது இன்றைய தலைவலி இல்லை. 1856-ல் சென்னை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், அதற்கு முன்பே 1854-ல் மைசூர் ராஜ்யத்தில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தவர். 1858-ல் மதுரை புதுமண்டபத்தின் உள்வரிசைத் தூண்களை எடுத்தார். அந்த இருட்டில் லென்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். தூண் அசையாது என்பதால் பிழைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியதும் அவர்தான். நம்ம போனில் 'பனோரமா' என்று அமுக்குகிறோமே, அதன் தாத்தா!

அப்பா தூண் இல்லையே. ஃபிளாஷ் போட்டால் முகம் மட்டும் வெள்ளை, பின்னால் கறுப்பு. ஃபிளாஷை நிறுத்தினால் அரண்மனை தங்கமாக ஜொலிக்கும், அப்பா கலங்கிப் போவார். "அசையாதீங்கப்பா" என்று முதல் படத்துக்கு நான் கத்தும்போதே விளக்கெல்லாம் எரிந்தது. கூட்டம் ஓவென்று கத்த, அவர் டக்கென்று திரும்பிப் பார்த்தார். "ஏலே, படத்தை அப்புறம் எடு. முதல்ல பாரு" என்றார். நான் குட்டித் திரையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு கட்டைச் சுவரில் கேமராவை வைத்து நாற்பது படம் எடுத்தேன். பத்து நன்றாகவே வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓர் இலவச ஆல்பம் தளத்தில் ஏற்றினேன். அன்றைக்கு அதுதானே காலம்! ஃபிளிக்கர் 2004-ல் வந்தது, பிகாசா வெப் ஆல்பம் 2006-ல். சுட்டியை அனுப்பினால் சிங்கப்பூர் சித்தப்பா பார்ப்பார். பிரிண்ட் எதற்கு, எல்லாம் நெட்டில் பத்திரம் என்று நினைத்தோம்.

பத்திரமா? யாஹூ போட்டோஸ் 2007-லேயே மூடியது. ஆர்குட் 2014-ல், பிகாசா 2016-ல். ஃபிளிக்கர் 2019-ல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் என்று வரம்பு வைத்தது. நான் ஏற்றிய தளமும் மூடியது. எச்சரிக்கை மெயில் வந்தது நான் திறக்காத பழைய ஐ.டி.க்கு. வீட்டுக் கம்ப்யூட்டரை அதற்கு முன்பே விற்றாச்சு. சி.டி. ஓடவில்லை. அப்பா 2014-ல் போய்விட்டார்.

மிச்சம் ஒன்றே ஒன்று. அன்று ராத்திரி அவசரமாக ஊருக்கு மெயில் பண்ணிய முதல் படத்தை அத்தை மகன் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்திருந்தான். அப்பா திரும்பிய, கலங்கின படம்.

இந்த வருஷம் மறுபடியும் மைசூருக்கே மாற்றலாகி வந்தேன். போன ஞாயிறு மகள் தன் புதுப் போனைச் சோதிக்க அரண்மனைக்கு இழுத்துப் போனாள். கையில் பிடித்தபடியே மூணு நொடி, அவ்வளவுதான். முகமும் தெளிவு, மாடமும் தெளிவு. 2018-ல் கூகுள் பிக்சலில் 'நைட் சைட்' வந்ததிலிருந்து இந்த வித்தை பரவிவிட்டது. ஒரே படம் இல்லை, பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சராசரி போடுகிறது. புள்ளிக் கறை ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் விழும், உண்மையான வெளிச்சம் அதே இடத்தில் இருக்கும். 16 படத்தைச் சேர்த்தால் கறை கால்வாசி ஆகிவிடும். ஒரே கட்டைப் பதினாறு பேர் எண்ணிச் சரிபார்ப்பது போல.

"தாத்தா போட்டோவையும் சரி பண்ணிடலாம்ப்பா" என்று ஸ்கேன் பண்ணி ஓர் ஆப்பில் போட்டாள். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "இது யாருய்யா?" என்றாள்.

சரிதான். டெபாசிட் ஆகாத பணத்தை எந்த பாஸ்புக்கிலும் எழுத முடியாது. எழுதினால் அது பொய்க்கணக்கு. கலங்கின படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினோம். அதில் அப்பா முகம் தெரியவில்லை. ஆனால் எதைப் பார்த்துத் திரும்பினார் என்று தெரிகிறது.

ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு உங்கள் போனில் இருந்து பத்துப் படம் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடுங்க. ஒரு செட் உங்களுக்கு, ஒரு செட் ஊரில் அம்மாவுக்கு.

அடுத்த முறை விளக்கு எரியும்போது, முதல்ல பாருங்க.