கண்காணிப்பு மென்பொருளுக்காக வைஃபை அட்டையை அமைத்தல்

கணினியிலுள்ள வைஃபை அட்டை, வழக்கமான நிலையில், தன் முகவரிக்கு வரும் ஃபிரேம்கள் எனப்படும் தரவுத் துண்டுகளையும் பொது அறிவிப்புகளையும் மட்டுமே இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. அதே சேனலில் பிறருக்குப் போகும் ஃபிரேம்கள் ஆன்டெனாவில் பட்டாலும் அவற்றைத் தள்ளிவிடுகிறது. வயர்ஷார்க், கிஸ்மெட் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களுக்கு இந்த வடிகட்டல் உதவாது. பிடிபட்ட எதையும் விடாமல் தரும்படி அட்டையை மாற்ற வேண்டும். அந்த நிலையே மானிட்டர் மோடு.

கம்பிவழி ஈதர்நெட்டில் பழகியவர்கள் இதைப் புராமிஸ்குவஸ் மோடோடு குழப்பிக்கொள்வதுண்டு. புராமிஸ்குவஸ் மோடில் அட்டை ஏதோ ஒரு ரவுட்டரோடு இணைந்தே இருக்கும். மென்பொருளுக்குக் கிடைப்பதும் ஈதர்நெட் வடிவுக்கு மாற்றப்பட்ட தரவுதான். மானிட்டர் மோடுக்கு இணைப்பே தேவையில்லை. ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி அனுப்பும் பீக்கன், கைபேசி இணைப்புக் கேட்கும் கோரிக்கை, ஒப்புகை என எல்லாமே மூல வடிவில் வந்து சேரும். ஒவ்வொன்றின் முன்னாலும் சேனல், சிக்னல் வலு, வேகம் ஆகியவற்றைச் சொல்லும் ரேடியோடாப் தலைப்பு ஒட்டியிருக்கும்.

இந்த வசதி உண்டா இல்லையா என்பதை அட்டையின் சில்லும் அதன் டிரைவரும்தான் தீர்மானிக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட மாதிரி எண்ணை நம்பி வாங்குவது ஆபத்து. டிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூஎன்722என் என்ற யூ.எஸ்.பி. அட்டையின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. லினக்ஸில் அது மானிட்டர் மோடில் சிரமமின்றி இயங்கும். இரண்டாம் பதிப்பிலிருந்து பெயர் அப்படியே இருக்க, உள்ளே ரியல்டெக் சில்லு வந்துவிட்டது. பழைய பதிப்புக்கு எழுதிய குறிப்புகளைப் படித்துப் புதியதை வாங்கியவர்கள் தனி டிரைவரைத் தேட நேர்ந்தது. வாங்கும் முன் பதிப்பு எண்ணையும் சில்லின் பெயரையும் சரிபார்ப்பது வேறெந்த அமைப்பு வேலையையும் விட முக்கியம்.

இவ்வேலைக்கு லினக்ஸே வசதியானது. 2007-இல் லினக்ஸ் கெர்னலில் மேக்80211 என்ற பொதுக் கட்டமைப்பு சேர்ந்தபின், அதைப் பயன்படுத்தும் டிரைவர்கள் பெரும்பாலும் ஒரே விதமான கட்டளைகளுக்குப் பணிகின்றன. தமிழ்நாட்டில் பல மாணவர்களுக்கு லினக்ஸ் அறிமுகமானது 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். அக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் டெபியனை அடியொற்றியது. டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அட்டைகள் இயங்கத் தேவைப்படும் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் இயல்பாக இடம்பெற்றது 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான். அதற்கு முந்தைய பதிப்புகளில் அட்டை தென்படாவிட்டால் முதலில் ஃபர்ம்வேர் கோப்பைத்தான் தேட வேண்டும்.

அமைக்கும் முறை சுருக்கமானது. ஐ.டபிள்யூ என்ற கட்டளையால் அட்டையின் திறன்களைப் பட்டியலிட்டால், ஆதரிக்கும் நிலைகளில் மானிட்டர் இருக்கிறதா என்று தெரியும். பிறகு வைஃபை இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரையும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டையும் அந்த அட்டையிலிருந்து விலக்க வேண்டும். இல்லையெனில் அவை அட்டையைத் தம் வசம் இழுத்துச் சேனலை மாற்றிக்கொண்டே இருக்கும். இடைமுகத்தை அணைத்து, வகையை மானிட்டர் என்று மாற்றி, மீண்டும் இயக்கி, சேனலைக் குறிப்பிட்டால் வேலை முடிந்தது. மெய்நிகர் கணினிக்குள் லினக்ஸை ஓட்டுபவருக்கு மடிக்கணினியின் உள் அட்டை பொதுவாக வெறும் ஈதர்நெட்டாகவே தெரியும், அவருக்கு யூ.எஸ்.பி. அட்டை வேண்டும்.

ஒரு ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலை மட்டுமே கேட்கும். சேனல் சேனலாகத் தாவினால் பரந்த படம் கிடைக்கும், ஆனால் இடையில் ஃபிரேம்கள் தவறும். ஆகவே முதலில் தாவிப் பார்த்துவிட்டுப் பின்பு ஒன்றில் நிலைநிறுத்துவது நல்லது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-இல் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2018 அறிவிப்பு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. கணினியின் நாட்டுக் குறியீட்டை இந்தியா என வைத்தால் இங்குள்ள சேனல்கள் சரியாகக் கிடைக்கும்.

2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாமல் அருகருகே இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள்தான் இடம் தேட வேண்டும். திருச்சி பெல் நிறுவனத்தின் குடியிருப்பான கைலாசபுரத்தில் வீடுகளுக்கிடையே மரங்களும் வெளியும் இருப்பதால் அயல் சிக்னல் மெலிந்து வரும். ரேடியோடாப் காட்டும் டெசிபல் அளவுகளை ஒப்பிட்டால், வீட்டு ரவுட்டருக்கு எந்தச் சேனல் ஏற்றது என்பது தெளிவாகும். வீட்டில் வைஃபை தடுமாறுகிறது என்று ரவுட்டரை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

எல்லாம் சரியாக இருந்தும் தரவு ஃபிரேம்கள் குறைவாகத் தெரியலாம். ஒற்றை ஆன்டெனா அட்டையால் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளில் அனுப்பப்படும் தரவைப் பிரித்தறிய முடியாது. பழைய அட்டைக்குப் புதிய வைஃபை தலைமுறையின் தரவு ஃபிரேம்கள் புரியாது. பிடிபட்டவையும் மறையாக்கம் செய்யப்பட்டவையே. சொந்த வீட்டின் டபிள்யூபிஏ2 தரவைப் படிக்கவே கடவுச்சொல்லோடு, இணையும் கணத்தின் நான்கு கட்ட உரையாடலும் பதிவாகியிருக்க வேண்டும். டபிள்யூபிஏ3-இல் கடவுச்சொல்லும் அந்த உரையாடலும் கையிலிருந்தாலும் போதாது.

சொந்த வலையமைப்பிலோ உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடோ மட்டுமே தரவைப் பதிவுசெய்ய வேண்டும். அனுமதியின்றிப் பிறர் வலையமைப்பில் நுழைவதும் தரவை எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகின்றன. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.