ஞாயிறு இரவு ஒன்பது மணி: ஸ்மதர்ஸ் சகோதரர்களை சி.பி.எஸ். வெளியேற்றிய கதை

1969 ஏப்ரல் 4ஆம் திகதி, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி வலையமைப்பு தனது பிரபலமான நகைச்சுவை நிகழ்ச்சியொன்றை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த பருவத்திலும் நிகழ்ச்சி தொடரும் என்று அதே நிறுவனம் சில வாரங்களுக்கு முன்னர்தான் சொல்லியிருந்தது. பதிவு நாடா குறித்த நேரத்தில் வந்து சேரவில்லை, ஆகவே ஒப்பந்தம் மீறப்பட்டுவிட்டது என்பதே இப்போது சொல்லப்பட்ட காரணம்.

அந்த நிகழ்ச்சி 'தி ஸ்மதர்ஸ் பிரதர்ஸ் கொமடி அவர்'. நான் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், 'வியட்நாம் போரை எதிர்த்ததால் நிறுத்தப்பட்டது' என்று ஒரே வரியில் இதைக் கடந்துபோனோம். அந்த வரி பிழையில்லை. ஆனால் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கியபின், வெட்டியவர்கள் யார், எதை வெட்டினார்கள், எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

டொம், டிக் என்ற இரு சகோதரர்கள். அண்ணன் டொம் கிற்றாரோடு நின்று ஒன்றும் தெரியாதவர்போலத் தடுமாறுவார். தம்பி டிக் பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தோடு நின்று அவரைத் திருத்துவார். விவாதத்தில் தோற்கும்போதெல்லாம், அம்மாவுக்கு எப்போதும் உன்னைத்தான் பிடிக்கும் என்று அண்ணன் முறையிடுவார். தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு, ஒரே மாதிரி உடையணிந்த இரண்டு நல்ல பிள்ளைகள். இவர்களால் தொல்லை வரும் என்று சி.பி.எஸ். நினைத்திருக்க நியாயமில்லை. அவர்களுடைய தந்தை அமெரிக்க இராணுவ அதிகாரி; ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்த நிலையில் 1945இல் உயிரிழந்தவர். பின்னாளில் இச்சகோதரர்களைத் தேசப்பற்றில்லாதவர்கள் என்று ஏசியவர்கள் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1967 பெப்ரவரி 5ஆம் திகதி நிகழ்ச்சி தொடங்கியது. ஞாயிறு இரவு ஒன்பது மணி. அதே நேரத்தில் என்.பி.சி.யில் 'பொனான்சா' ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர் அது. அதற்கு எதிரே சி.பி.எஸ். நிறுத்திய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றிருந்தன. இழப்பதற்கு ஒன்றுமில்லாத நேரமென்பதால்தான் சகோதரர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. இளைஞர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஸ்டீவ் மார்ட்டின், ரொப் ரைனர் போன்ற பின்னாள் பிரபலங்கள் இருபதுகளின் தொடக்கத்தில் எழுத வந்தது இங்கேதான்.

தணிக்கை வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. திரைப்படத் தணிக்கையாளர் இருவரைக் கேலி செய்து டொம்மும் எலைன் மேயும் நடித்த காட்சியை, சி.பி.எஸ். தணிக்கையாளர்கள் வெட்டினார்கள். இன்னொரு பக்கம், கோல்டி என்ற ஹிப்பிப் பெண் பாத்திரம் 'தேநீர்' பற்றி வாராவாரம் பேசிக்கொண்டிருந்தது. அக்கால இளைஞர் வழக்கில் தேநீர் என்றால் கஞ்சா. தணிக்கை மேசையில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை!

1967 செப்டெம்பரில் நிலைமை இறுகியது. நாட்டார் பாடகர் பீட் சீகர் இடதுசாரி என்பதற்காக ஏறக்குறைய 17 ஆண்டுகள் பெரிய தொலைக்காட்சி வலையமைப்புகளால் ஒதுக்கப்பட்டிருந்தவர். அவரை மீண்டும் மேடையேற்றினார்கள். அவர் பாடியவற்றில் ஒன்று, ஆற்றின் ஆழம் தெரியாமல் படையினரை உள்ளே நடத்திச் செல்லும் ஒரு கப்டனைப் பற்றியது. கதை 1942இல் நடக்கிறது, வியட்நாம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் அந்தக் கப்டன் ஜனாதிபதி ஜோன்சன்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பாடல் வெட்டப்பட்டது. டொம் பத்திரிகைகளிடம் போனார், பிரச்சினை பெரிதானது. 1968 பெப்ரவரியில் சீகர் மறுபடி வந்து அதே பாடலைப் பாட, இம்முறை ஒளிபரப்பானது. இரண்டு நாள் கழித்து அதே சி.பி.எஸ்.ஸில் வோல்ட்டர் குரோங்கைட், இந்தப் போர் இழுபறியில்தான் முடியும் என்ற தன் புகழ்பெற்ற கருத்தைச் சொன்னார். செய்தியாளருக்கு முன்னரே பாடகர் சொல்லிவிட்டார் என்பது ஒரு செய்தியாளராக எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

அதே ஆண்டு சிக்காகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது பொலிஸார் ஆர்ப்பாட்டக்காரர்களைத் தாக்கினர். அந்தக் காட்சிகள் பின்னணியில் ஓட, ஹரி பெலஃபொன்டே பாடிய பகுதி முழுவதுமாக நீக்கப்பட்டது. வெறுமையான அந்த நிமிடங்களில் நிக்சனின் தேர்தல் விளம்பரம் போனது.

டொம் இறுதிவரை நிக்சனைத்தான் சந்தேகித்தார். என் பார்வையில் வலுவான காரணம் வேறு. அமெரிக்க வலையமைப்புகள் ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. நாடெங்கும் உள்ள தனியார் இணை நிலையங்கள் ஒரு நிகழ்ச்சியை எடுக்கலாம், மறுக்கலாம். டேவிட் ஸ்டைன்பர்க் மோசேயைப் பற்றிக் கேலிப் பிரசங்கம் செய்தபின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அதன்பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியையும் முன்கூட்டியே நிலையங்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்றாயிற்று. நாடா தாமதம் என்ற குற்றச்சாட்டின் வேர் இதுதான். அரச ஆணை எதுவும் தேவைப்படவில்லை. வாடிக்கையாளரை இழக்கும் பயமே போதுமாக இருந்தது. ஸ்டைன்பர்க்கின் இரண்டாவது பிரசங்கம் இருந்த நிகழ்ச்சி அப்போது ஒளிபரப்பாகவே இல்லை.

இதில் ஜோன்சன் நடந்துகொண்ட விதம்தான் வியப்பு. தன்னை வாராவாரம் கேலி செய்த சகோதரர்கள் எழுதிய கடிதத்துக்கு 1968 நவம்பரில் பதில் அனுப்பினார். நையாண்டிக்கு இலக்காவது தலைமைப் பதவிக்குக் கொடுக்கும் விலை என்பது அதன் சாரம்.

நிறுத்தப்பட்ட பிறகு, அதே 1969இல், எழுத்துக்கான எமி விருது இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. தன் பெயரால் மற்றவர்கள் விருதை இழக்கக்கூடாது என்று டொம் தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1973இல் சி.பி.எஸ்.ஸுக்கு எதிரான வழக்கில் சகோதரர்கள் வென்று 776,300 டொலர் இழப்பீடு பெற்றனர். ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. விடுபட்ட எமி 2008இல்தான் டொம்மின் கைக்கு வந்தது, கொடுத்தவர் ஸ்டீவ் மார்ட்டின். டொம் 2023 டிசெம்பரில் காலமானார்.

பெலஃபொன்டேயின் பாடல் உட்பட, வெட்டப்பட்ட பல பகுதிகளை இன்று இணையத்தில் பார்க்கலாம். நேரமில்லாதவர்கள் 1968இல் ஜனாதிபதி வேட்பாளராகத் தன்னை அறிவித்துக்கொண்ட பட் போல்சனின் துண்டுகளையாவது தேடிப்பாருங்கள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், தான் வேட்பாளரே இல்லை என்று மறுத்தபடியே பிரசாரம் செய்கிறார் மனிதர்.