ஏடும் ஏரியும் கணினியும்

"நீங்க என்ன தொழில் பண்றீங்கன்னு நம்ம பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதித் தாங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். என் மாமியாருக்கே இன்னும் புரியவைக்க முடியாத விஷயம் அது! ஆனாலும் முயல்கிறேன்.

1999-ல் நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் இரண்டு கம்ப்யூட்டரோடு ஒரு சிறு ஆலோசனை நிறுவனம் தொடங்கினோம். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவது ஒரு வேலை. ஏரி, சதுப்பு நிலம், காடு பற்றிய திட்டங்களுக்கு வரைபடம் தயாரித்துத் தருவது இன்னொன்று. "ரெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்காதவர்கள் இல்லை. சம்பந்தம் இருக்கிறது.

அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-ல் ஏவப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் இந்த வரிசைப் படம் ஒன்றின் விலை 4,000 டாலரையும் தாண்டியது; எங்களைப் போன்றவர்கள் கனவுகூடக் காண முடியாது. 2008-ல் அந்தப் படங்கள் அனைத்தும் இலவசம் என்று அறிவித்தார்கள். சிறு நிறுவனங்களுக்கு அன்றுதான் கதவு திறந்தது. ஒரு ஏரி முப்பது வருடத்தில் எவ்வளவு சுருங்கியது என்பதை வருடவாரியாகக் காட்ட முடிந்தது.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வாய்க்கால் அதில் தெரியாது. அது தெரிவது பழைய நில அளவைப் படத்திலும், கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று எழுதிய வரியிலும்தான். கோயில், மதகு, கலுங்கு, அளவைக் கல் என்று இடம் மாறாத அடையாளங்களை வைத்து அந்தக் காகிதப் படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துவோம். அப்போதுதான் எந்தத் தெரு வாய்க்காலின்மேல் நிற்கிறது என்பது புரியும். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்த பிறகு, இந்தக் காகிதங்களின் அருமையை நாங்கள் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, காகிதத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. அங்கேதான் கவலையே ஆரம்பம்.

1990-களில் தமிழ் எழுத்துருக்களில் ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் 'க'வுக்கு வைத்த எண்ணில் இன்னொருவர் வேறு எழுத்தை வைத்திருப்பார். எழுத்துரு தொலைந்தால் கோப்பு வெறும் கிறுக்கல். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்ற தரங்கள் வந்தன. 1991-லேயே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடைத் தமிழக அரசு 2010-ல்தான் தரமாக ஏற்றது. அதற்குள் தட்டச்சு செய்து முடித்த பட்டியல்கள் எத்தனையோ! அவற்றை எழுத்துக்கு எழுத்து மாற்றிக் கொடுத்தே எங்களுக்குச் சில வருடம் சோறு கிடைத்தது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1086-ல் எழுதப்பட்ட 'டூம்ஸ்டே' நிலக் கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-ல் பி.பி.சி. ஒரு புதிய கணக்கேடு தயாரித்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்து, தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் கொடுத்தார்கள். எல்லாம் லேசர் தட்டில் பதிவானது. பதினைந்தே வருடத்தில் அந்தத் தட்டைப் படிக்கும் இயந்திரம் அரிதாகிவிட்டது. பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதித்தான், 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் திறந்து காட்டினார்கள். 1086-ன் தோல் ஏடோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது!

ஆகவே எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி: நாங்கள் இல்லாவிட்டாலும் கோப்பு திறக்க வேண்டும். படம் டிஃப் வடிவில், எழுத்து யூனிகோடில், விளக்கம் சாதாரண உரைக்கோப்பில், மூன்று பிரதிகள் மூன்று இடங்களில். எங்கள் மென்பொருளில் பூட்டி வைத்தால் வாடிக்கையாளர் வருடா வருடம் எங்களிடமே வந்தாக வேண்டும்; வருமானமும் நிலைக்கும். "பிழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ" என்று ஆடிட்டரே சொல்லியிருக்கிறார். அந்த விதியால் போன பராமரிப்பு ஒப்பந்தங்கள் உண்டு. சம்பளம் தள்ளிப்போன மாதங்களும் உண்டு. ஆறு பேருக்குமேல் நாங்கள் வளரவில்லை. ஆனால் முதல் வருடம் நாங்கள் கொடுத்த கோப்புகள், எங்கள் உதவியில்லாமலே இன்றும் திறக்கின்றன.

மாணவத் தம்பி தங்கையரே, ஸ்கேன் செய்ய நிதி தருபவர்கள் உண்டு. செய்ததைக் காப்பாற்ற நிதி தருபவர்கள் குறைவு. அந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேலை காத்திருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்தால் மட்டும் போதாது. கிராமக் கணக்கரின் கையெழுத்தைப் படிக்கவும், ஏரிக்கரையில் வெயிலில் நடக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பெரிய பணம் வராது; வேலை நிற்கும்.