இம்பாலில் திரும்பிய போர்

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றி என்றதும் ஸ்டாலின்கிராடும் நார்மண்டியுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆசியாவில் போரின் போக்கை மாற்றிய களங்களுள் ஒன்று இந்திய மண்ணிலேயே இருந்தது.

1942-இல் பர்மாவை இழந்து பின்வாங்கிய நேச நாடுகள், 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்து முறியடித்தன. முற்றுகைக்கு உள்ளான இம்பாலுக்கு உணவும் வெடிமருந்தும் விமானங்களில் வந்தன. ஜப்பானியப் படையோ பசியாலும் நோயாலும் நலிந்தது. 1945 மே மாதம் ரங்கூனும் மீட்கப்பட்டது.

அங்கு நேச நாடுகளுக்காகப் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். விடுதலை வேட்கையுடன் எதிரணியில் நின்ற இந்திய தேசிய ராணுவத்தினரும் இந்தியரே. ஒரு சாராரைக் கூலிப்படையினர் என்றும் மறுசாராரைத் துரோகிகள் என்றும் ஒதுக்குவது வரலாறாகாது. இரு சாராரின் தியாகத்தையும் நம் பாடநூல்கள் பதிவு செய்ய வேண்டும்.