டால்டா: மஞ்சள் டப்பாவின் கதை

டால்டா டப்பாவைப் பார்க்காத தமிழ் வீடு போன தலைமுறையில் இருந்திருக்காது. மஞ்சள் நிறம், நடுவில் பச்சைப் பனைமரம். உள்ளே இருந்தது தீர்ந்த பிறகு அரிசி போட்டு வைக்க, மொட்டைமாடியில் துளசி வளர்க்க என்று டப்பாவுக்கு ஆயுசு கெட்டி. எங்கள் பி.காம். மார்க்கெட்டிங் பாடத்தில் இந்த டப்பா ஒரு வெற்றிக் கதை. பாடத்தில் வராத பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. 1901-இல் வில்ஹெல்ம் நார்மன் என்ற வேதியியலாளர், திரவ எண்ணெய்க்குள் நிக்கல் துணையோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டியாகிவிடும் என்று கண்டுபிடித்தார். சோப்பு, மெழுகுவர்த்திக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி 1911-இல் பருத்திக்கொட்டை எண்ணெயை இப்படிக் கெட்டியாக்கி 'கிறிஸ்கோ' என்ற பெயரில் சமையலுக்கே விற்க ஆரம்பித்தது. பருத்திக்கொட்டை என்றால் யார் வாங்குவார்கள்? அதனால் எதிலிருந்து செய்தது என்பதை விட, எவ்வளவு சுத்தமானது, எவ்வளவு நவீனமானது என்பதையே விளம்பரம் பேசியது. அடுத்த சில வருடங்களிலேயே கிறிஸ்கோ போட்டுச் செய்யும் நூற்றுக்கணக்கான பதார்த்தங்களுடன் ஒரு சமையல் புத்தகமும் வந்தது.

இந்தியாவில் வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் இங்கே ஏற்கெனவே நெய் என்ற ஒன்று இருந்தது. எல்லோருக்கும் பிடிக்கும், எல்லோராலும் வாங்க முடியாது. ஹாலந்திலிருந்து 'தாதா' என்ற பெயரில் வனஸ்பதி இறக்குமதியாகிக் கொண்டிருந்தது. லீவர் கம்பெனி 1931-இல் ஹிந்துஸ்தான் வனஸ்பதி என்ற நிறுவனத்தைத் தொடங்கி பம்பாயில் தொழிற்சாலை போட்டது. அந்தத் தாதா பெயருக்கு நடுவில் லீவரின் 'ல்' எழுத்தைச் சேர்த்து 1937-இல் வந்ததுதான் டால்டா என்று சொல்வார்கள். 1939-இல் லிண்டாஸ் விளம்பர நிறுவனம் களத்தில் இறங்கியது. சினிமா கொட்டகையில் குறும்படம், டப்பா வடிவத்திலேயே செய்த வண்டி, தெருவில் சுடச்சுடச் செய்து காட்டி ருசி பார்க்கக் கொடுப்பது... அந்தக் காலத்துக்கு இதெல்லாம் பெரிய புதுமை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப்பாவில் 'இது பசு நெய்' என்று யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் உள்ளே இருந்தது பெரும்பாலும் கடலை எண்ணெய். அதற்கு நெய்யைப் போலவே வெண்மை, நெய்யைப் போலவே மணல் மணலான பதம். சந்தையில் பெயரே 'வெஜிடபிள் நெய்'. வார்த்தையில் பொய் இல்லை, பொருளே பார்வைக்குப் பொய்யாக இருந்தது. விலை குறைவு என்பதால் நெய்யில் கலப்படம் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம் வேறு.

எதிர்ப்பு கிளம்பாமல் இல்லை. காந்தி 1946-இல் 'ஹரிஜன்' இதழில் இதைக் கண்டித்து எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் வரைக்கும் தடைக் கோரிக்கை போனது. தடை வேண்டாம், நிறமாவது சேர்த்து விற்கட்டும், பார்த்தவுடன் நெய் இல்லை என்று தெரியட்டும் என்றார்கள். சூட்டில் போகாத, எளிதில் பிரித்தெடுக்க முடியாத, உடம்புக்குத் தீங்கில்லாத நிறம் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. (கேசரிக்கும் ஜிலேபிக்கும் கிடைத்த நிறம் இதற்கு மட்டும் கிடைக்காமல் போனது ஆச்சரியம்தான்!)

கடைசியில் சட்டம் பிடித்த வழி சுவாரசியமானது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. ருசிக்காக இல்லை. நல்லெண்ணெய் கலந்திருந்தால் போதுவான் சோதனை என்ற ரசாயனப் பரிசோதனையில் இளஞ்சிவப்பு நிறம் வந்துவிடும். நெய்யில் வனஸ்பதி கலந்தால் மாட்டிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் பரிசோதனைச் சாலைக்குத் தெரியும் அடையாளம் இது. வாங்கிச் சாப்பிடுபவரின் கண்ணுக்கு டால்டா அதே வெள்ளையாகவே இருந்தது.

என் வருத்தம் இன்னொன்று. இத்தனை வருடச் சண்டையும் பெரும்பாலும் 'இது நெய்யா, போலி நெய்யா' என்பதைச் சுற்றியே நடந்தது. உண்மையான ஆபத்து நார்மனின் அந்த ஹைட்ரஜன் குழாயில் இருந்தது. எண்ணெயை முழுவதும் கெட்டியாக்காமல் பாதியில் நிறுத்தும்போது, இயல்பில் வளைந்திருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளில் ஒரு பகுதி நிமிர்ந்து வேறு வடிவத்துக்கு மாறிவிடும். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. பாலிலும் நெய்யிலும் கூட இது இயற்கையாகக் கொஞ்சம் உண்டு. வனஸ்பதியில் பல மடங்கு.

அமெரிக்காவில் ஃபிரெட் கும்மரோ என்ற ஆய்வாளர் 1957-இலேயே இந்தக் கொழுப்பு மனித உடலில் சேர்ந்திருப்பதைக் காட்டினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-இல் ஹாலந்தின் மென்சிங்க், கேட்டன் இருவரும் இது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று நிரூபித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டென்மார்க் 2003-இல் சட்டம் போட்டு, கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது.

நம் ஊரில் இந்தக் காலமெல்லாம் தாவர எண்ணெய் டப்பாக்களில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டுப் பக்கத்தில் ஒரு இதயப் படம் வரைந்திருப்பார்கள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. கத்தரிக்காயில் எலும்பு இல்லை என்று விளம்பரம் செய்வதைப் போன்றது இது. 2009-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தபோது, வனஸ்பதி பிராண்டுகளில் டென்மார்க் வரம்பைப் போல 5 முதல் 12 மடங்கு டிரான்ஸ் கொழுப்பு இருந்தது.

லேபிளில் எண் போடச் சொன்னால் அதிலும் வழி உண்டு. அமெரிக்காவில் 2006 முதல் டிரான்ஸ் கொழுப்பைக் குறிப்பிடுவது கட்டாயம். ஆனால் ஒரு பரிமாறல் அளவில் அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளலாம். பரிமாறல் 3 பிஸ்கட், அதில் 0.4 கிராம் என்று வையுங்கள். பாக்கெட்டில் 'பூஜ்யம்'. 12 பிஸ்கட்டைத் தின்று முடித்தால் 1.6 கிராம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரு நாளைக்கே சுமார் 2.2 கிராம்தான் உச்சம். அக்கவுண்ட்ஸில் இப்படி 'ரவுண்ட் ஆஃப்' செய்தால் எங்கள் சார் மார்க் போட மாட்டார்.

கும்மரோ விடவில்லை. 98 வயதில், 2013-இல், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மீதே வழக்குப் போட்டார். 2015-இல் அது பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தது. 2018-இல் அந்த முடிவு நடைமுறைக்கு வந்தபோது அவர் இல்லை. முந்தைய ஆண்டு 102 வயதில் இறந்துவிட்டார்.

இந்தியாவில் வரம்பு படிப்படியாக இறங்கியது. 2016-இல் 5 சதவீதம், 2021-இல் 3, 2022 ஜனவரியில் 2. டால்டா கடைக்கு வந்து அப்போது 85 வருடம் ஆகியிருந்தது. ஹிந்துஸ்தான் லீவர் அந்தப் பிராண்டை 2003-இலேயே பங்கே கம்பெனிக்கு விற்றுவிட்டது. இப்போது பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் டிரான்ஸ் கொழுப்பு இருந்த இடத்தைப் பெரும்பாலும் பாமாயில் பிடித்திருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அந்த வரியைப் படிக்க மட்டும் கொஞ்சம் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும், எழுத்து அவ்வளவு பொடி.