வலிமாத்திரையும் வயிற்றுப்புண்ணும்

ஆஸ்பிரின் சந்தைக்கு வந்ததே வயிற்றை வருத்தாத மருந்து என்ற நம்பிக்கையில்தான். அதற்கு முன் மூட்டுவாதக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட சோடியம் சாலிசிலேட் வலியைத் தணித்தது. கூடவே குமட்டலையும் வயிற்றெரிச்சலையும் தந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897-இல் தயாரான அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் இரைப்பையைக் கடந்து குடலில்தான் பிரியும், அதனால் தொல்லை இராது என்று கருதினார்கள். 1899-இல் அது ஆஸ்பிரின் ஆயிற்று.

இந்த நம்பிக்கையைக் கண்ணால் சோதிக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையக்கூடிய இரைப்பைநோக்கியை உருவாக்கிய பிறகே, உயிரோடிருப்பவரின் இரைப்பைச் சுவரை நிதானமாகப் பார்க்க வழி பிறந்தது. லண்டன் மருத்துவர்களான டௌத்வெயிட்டும் லின்டாட்டும் ஆஸ்பிரின் கொடுத்த பின் அக்கருவி வழியே பார்த்தபோது, பலருக்கு உட்படலம் சிவந்திருந்தது. சிலருக்குப் படலத்தின் அடியில் இரத்தமே கசிந்திருந்தது. 1938-இல் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. மாத்திரை பட்ட இடம் புண்ணாகிறது, சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதும் என்ற எண்ணமே நீடித்தது.

உண்மைக் காரணத்தை 1971-இல் ஜான் வேன் திறந்து காட்டினார். ஆஸ்பிரின் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உடலில் உருவாவதைத் தடுக்கிறது என்று அவர் நிறுவினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வீக்கத்தையும் வலியையும் கூட்டும் அதே புராஸ்டகிளாண்டின்கள்தான் இரைப்பையில் சளியையும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் சுரக்கவைத்து, சுவருக்கு இரத்த ஓட்டம் குறையாமல் காக்கின்றன. வலி அடங்கும்போதே அந்தக் காப்பும் போய்விடுகிறது. இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வாய்வழி கொடுக்காமல் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

புராஸ்டகிளாண்டினை உண்டாக்கும் நொதி இரண்டு வகை என்று 1990-களின் தொடக்கத்தில் தெளிவானதும், வீக்கத்துக்குரியதை மட்டும் தடுக்கும் மருந்துகள் தயாராயின. அவற்றுள் ஒன்றான ரோஃபெகாக்ஸிப் 1999-இல் வந்தது. வயிற்றுப்புண்ணை அது குறைக்கத்தான் செய்தது; ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது.

சிறுகுடலின் சேதம் கடைசியில்தான் வெளிப்பட்டது. விழுங்கும் கேமரா வந்த பின், 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 40 பேர் இரண்டு வாரம் டைக்ளோஃபெனாக்கும் அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோலும் சேர்த்து உட்கொண்டனர். அவர்களில் 27 பேரின் சிறுகுடலில் புதிய பாதிப்புகள் தெரிந்தன. இரைப்பைக்குத் துணை நிற்கும் ஒமிப்ரசோல், அமிலம் முதன்மைக் காரணமாக இல்லாத சிறுகுடலில் அப்படிக் காப்பதில்லை.